பெயரை இரண்டாக வெட்டும் கட்டங்கள்

பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்லி, ஏழாம் நாள் அகீகா கொடுத்து, நற்பொருள் உடைய பெயராகத் தேர்ந்து சூட்டுவது நம் மரபு. மறுமையிலும் அப்பெயர் கொண்டே அழைக்கப்படுவோம் என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெற்றோர் பிள்ளைக்குச் செய்யும் முதல் துஆ அப்பெயரே எனலாம். இத்துணை மதிப்புக்குரிய பெயரை இன்றைய கணினியும் கைப்பேசியும் எவ்வாறு நடத்துகின்றன என்பதைச் சற்று ஆராய்வது நம் கடமையாகிறது.

மின்னஞ்சல் முகவரி பெறுவதாயினும், விமானச் சீட்டு எடுப்பதாயினும், விசாவுக்கு விண்ணப்பிப்பதாயினும், திரையில் முதலில் வந்து நிற்பவை இரண்டு கட்டங்கள். ஒன்று ‘ஃபர்ஸ்ட் நேம்’. மற்றொன்று ‘லாஸ்ட் நேம்’ அல்லது ‘சர்நேம்’. முன்னது தமக்கே உரிய பெயர். பின்னது குடும்பத்தார் அனைவர்க்கும் பொதுவான பெயர். ஐரோப்பியர் பெரும்பாலோரிடமும் அமெரிக்கரிடமும் உள்ள வழக்கம் இது. அவர்களுக்கு அது பொருந்துவதில் நமக்கு வழக்கு ஒன்றுமில்லை. உலகத்தார் அனைவரும் அவ்வாறே பெயர் வைப்பர் என்று மென்பொருள் நிறுவனங்கள் முடிவு கட்டியதில்தான் கோளாறு தொடங்குகிறது. இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விட்டால் பல படிவங்கள் சிவப்பெழுத்தில் மறிக்கின்றன. தந்தை பெயரின் தலைப்பெழுத்தை மட்டும் இட்டால், அது பெயராகாது என்று சில தள்ளுகின்றன.

காரைக்காலில் மு. அப்துல் காதிர் என்று ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ‘அப்து’ என்றால் அடியான். ‘அல் காதிர்’ என்றால் ஆற்றல் மிக்கோன். அது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. இரண்டும் சேர்ந்து நின்றால்தான் ‘ஆற்றல் மிக்கோனின் அடியான்’ என்னும் பொருள் கிடைக்கும். கட்டங்களின் பொருட்டு வெட்டினால் ‘அப்துல்’ ஒரு பக்கமும் ‘காதிர்’ மறுபக்கமும் விழுகின்றன. பிறகு அந்நிறுவனம் ‘அன்புள்ள அப்துல்’ என்று மடல் விடுக்கிறது. யாருக்கு அடியான் என்ற செய்தி அதில் இல்லை. அப்துர் ரஹ்மானை வெட்டி ‘மிஸ்டர் ரஹ்மான்’ என்று அழைப்பதோ இன்னும் பெரும்பிழை. இறைவனுக்கே உரிய நாமத்தை அடியான் மீது ஏற்றும் தவறு அது என்பதை மார்க்க அறிவு சிறிதேனும் உடையார் உணர்வர். நாகூர் ஆண்டகையின் நினைவாக நம் பகுதியில் வீட்டுக்கு வீடு சூட்டப்பெறும் சாகுல் ஹமீது என்னும் பெயரும் இவ்வாறே இரு கூறாகிறது.

நம் இலக்கியவாணர்களையே எண்ணிப் பார்ப்போம். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவருக்கு இரண்டாம் கட்டத்தில் இட ஒன்றுமில்லை. ‘புலவர்’ என்பது சிறப்பு. ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் பெயரில் வீட்டுப்பெயர் முன்னே நிற்கிறது. படிவமோ அதனையே அவருடைய சொந்தப் பெயராகக் கொள்ளும். மணவை முஸ்தபா பெயரில் முன்னே நிற்பது ஊர். கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடி அகராதி தொகுத்த அந்த அறிஞரின் பெயரைக் கணினியே தலைகீழாகப் படிக்கிறதென்றால் என்னென்பது! அவ்வளவு ஏன், நம் ஊரின் பெயரைத் தமிழ் உள்ளளவும் நிலைநிறுத்திய காரைக்கால் அம்மையாரை இப்படிவத்தில் இட்டால், ‘காரைக்கால்’ அவர் பெயராகவும் ‘அம்மையார்’ குடும்பப் பெயராகவும் பதிவாகும்.

குடும்பப் பெயர் கேட்கும் குரல் காரைக்காலுக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில், 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. தம் சமயம், குலம் சார்ந்த தனியுரிமைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வர விரும்பும் இந்தியர், தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்றது அது. ஆயினும் துறப்பதும் துறவாதிருப்பதும் அவரவர் விருப்பம். ஷரீஅத்தைக் கைவிட மனமில்லாத முஸ்லிம், தம் பெயரையும் விடாமல் வாழ வழி இருந்தது. அடுத்த ஆண்டு, 1882 மார்ச்சில், அதே பிரெஞ்சு அரசு அல்ஜீரிய முஸ்லிம்கள் மீது குடும்பப் பெயரைச் சட்டத்தின் மூலம் சுமத்தியது. இணங்காதவர் பெயரோடு, ‘குடும்பப் பெயர் இல்லாதவர்’ என்பதன் பிரெஞ்சுச் சுருக்கமான எஸ்.என்.பி. என்னும் மூன்றெழுத்துகள் ஒட்டப்பட்டன. இன்றைய மென்பொருள், காரைக்காலில் கேட்டதுபோல் விருப்பம் கேட்கிறதா, அல்ஜீரியாவில் செய்ததுபோல் சுமத்துகிறதா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும். குடும்பப் பெயர் இல்லாத நம்மவர்க்கு அமெரிக்க விசாவில் எஃப்.என்.யூ., அதாவது ‘முதற்பெயர் அறியப்படாதவர்’ என்று பொறிக்கப்படுவதையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதனை வெறும் மானப் பிரச்சினை என்று ஒதுக்குவதற்கில்லை. பிழைப்பையும் இது தொடுகிறது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட இடமுண்டு. ஆனால் அதே பெயரைப் பயணச்சீட்டு மென்பொருளில் ஏற்றும்போது இரண்டாம் கட்டம் வாய் திறந்து காத்திருக்கிறது. முகவர் அங்கே தந்தை பெயரை இடலாம். அதே பெயரை இருமுறை எழுதலாம். எதைச் செய்தாலும் சீட்டும் கடவுச்சீட்டும் ஒவ்வாமற் போகும் அச்சம் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் வருகை விசாவில் நுழைய இயலாது என்று அறிவித்தபோது, வளைகுடாவில் மகனையோ மருமகனையோ காணப் புறப்பட இருந்தோர் கலங்கியது இயல்பே. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் ஏற்கப்படும் என்னும் விளக்கம் சில நாட்களில் வந்தது. தந்தை பெயரால் மகனை அறிவது அரபு மண்ணின் தொல்வழக்கு அல்லவா!

ஒரே பெயர் உடையோர் ஆயிரவர் இருக்கையில் அவர்களை எவ்வாறு பிரித்தறிவது என்று நிறுவனத்தார் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெயரை வெட்டுவது அதற்கு விடையாகாது. அப்துல், காதிர் என்று பிரித்த பிறகும் அதே பெயரில் ஆயிரவர் இருக்கவே செய்வர். பிறந்த நாளும் தொலைபேசி எண்ணும் கடவுச்சீட்டு எண்ணும் ஆளை அடையாளம் காட்டப் போதும். இணையத்திற்கு நெறி வகுக்கும் உலகளாவிய வலைச் சங்கமாகிய டபிள்யூ3சி, உலக மக்களின் பெயர் வழக்குகளை விளக்கி, இயன்றவரை முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைக்குமாறு படிவம் அமைப்போர்க்கு அறிவுரை கூறியிருக்கிறது. ஆகவே அறியாமையைக் காரணம் காட்ட இனி வழியில்லை.

கண்டித்தால் பயன் உண்டா என்றும் சிலர் ஐயுறலாம். 2014, 2015 ஆண்டுகளில் அமெரிக்கப் பழங்குடியினர் பலரின் பெயர்களை உண்மைப் பெயர்கள் அல்லவென்று ஐயுற்று ஃபேஸ்புக் அவர்தம் கணக்குகளை முடக்கியது. அவர்கள் அடங்கியிருக்கவில்லை, பிறரோடு சேர்ந்து எதிர்த்தனர். 2015 டிசம்பரில் அந்நிறுவனம் தன் நடைமுறையைத் தளர்த்தியது. எண்ணிக்கையில் சிறியோரின் குரலும் எட்டும் என்பதற்கு இதுவே சான்று.

நாம் செய்யத்தக்கன இரண்டு உள. பிரெஞ்சு ஆவணத்தில் ஓர் எழுத்துக்கூட்டும் ஆங்கில ஆவணத்தில் வேறோர் எழுத்துக்கூட்டும் இராமல், பிறப்புப் பதிவு முதல் கடவுச்சீட்டு வரை பிள்ளையின் பெயரை ஒரே வடிவில், தந்தை பெயரை முழுமையாக விரித்து எழுதி வைப்பது ஒன்று. மென்பொருள் எழுதும் துறையில் இன்று நம் இளைஞரும் இருக்கின்றனர். தாம் அமைக்கும் படிவத்திலேனும் முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைப்பது மற்றொன்று. உம்மாவும் வாப்பாவும் ஓதிச் சூட்டிய பெயரை ஒரு கட்டத்துக்காக நாமே குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெயருக்கு ஏற்பக் கட்டத்தை அகலப்படுத்துமாறு கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்.