யாருக்குத் தெரியாமல்?

மொட்டைக் கடிதாசி எழுதுவதில் நம்மூர்க்காரர்கள் கைதேர்ந்தவர்கள். இடது கையால் எழுதி, பேட்டை மாறிப் போய்த் தபால் பெட்டியில் போடுவார்கள். வாங்கியவர் உறையைத் திருப்பி முத்திரையைப் பார்ப்பார், மயிலாப்பூரா, மாம்பலமா? நாலு வரி படித்ததும், “இது அவன் வேலைதான்” என்பார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். இன்ன விஷயம் இன்னாருக்குத்தான் தெரிந்திருக்கும் என்ற கணக்கு அவருக்குப் போதும். பெயரில்லாத புகார்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று மத்திய கண்காணிப்பு ஆணையம் 1999இல் சுற்றறிக்கையே விட்டது. அலுவலகங்கள் அவற்றைக் குப்பைக் கூடையில் போடலாம். ஊர் போடாது.

2018 அக்டோபரில் அந்தக் கடிதாசி செல்போனுக்கு வந்தது. பாடகி சின்மயிக்குப் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைத் தனிச்செய்தியாக அனுப்பினார்கள். அவர், அனுப்பியவர்களின் பெயரை நீக்கி, ஸ்கிரீன்ஷாட்டாக ட்விட்டரில் போட்டார். சினிமாவைப் பற்றி வந்தது போலவே கர்நாடக இசை உலகத்தைப் பற்றியும் வந்தது. அந்த மாதமே மியூசிக் அகாதமி, குற்றச்சாட்டுக்கு ஆளான ஏழு கலைஞர்களை டிசம்பர் சீசன் பட்டியலிலிருந்து நீக்கியது. பல ஆண்டுகளாகச் சபா கேன்டீன்களில் காபியோடு கிசுகிசுக்கப்பட்டதற்கு மேடையில் விளைவு ஏற்பட்டது அப்போதுதான். பெயரில்லாமல் எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இதைக் கழித்துவிட்டுப் பேச முடியாது.

ஆனால் எழுதியவர்கள் உண்மையில் மறைந்திருந்தார்களா?

ஒரு கற்பனைப் பதிவை எடுத்துக்கொள்வோம். “எனக்கு அப்போது பதினாலு வயது. லஸ் பக்கத்தில் அவர் வீட்டில் சனிக்கிழமை சாயங்கால வகுப்பு. மற்ற பிள்ளைகள் போன பிறகு வர்ணத்தை இன்னொரு தரம் பாடு என்று நிறுத்திக்கொள்வார். அந்த மார்கழியில் அவருக்குத் தம்பூரா போட்டதும் நான்தான்.” இதில் பெயர் இல்லை, வருடம் இல்லை. அண்ணா நகரில் இதைப் படிக்கிறவருக்கு ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருத்தி. மயிலாப்பூரில் சபாக்களுக்குப் போய்வருகிற மாமிக்கு, சனிக்கிழமை வகுப்பு என்றதும் பத்துப் பேர். தம்பூரா என்றதும் மூன்று பேர். குருவுக்கோ முதல் வாக்கியமே போதும். நடந்ததை நம்பும்படி சொல்ல விவரம் வேண்டும். விவரம் சொல்லச் சொல்ல முகத்திரை விலகும். விவரத்தையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதக்கூடிய இரண்டு வரி.

இந்தக் கணக்கைக் கணினியில் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் அடையாற்றுப் பக்கம் ஐ.ஐ.டி.யில் படித்துப் போனவர்தான். அர்விந்த் நாராயணன், இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். நெட்ஃபிளிக்ஸ் 2006இல் ஏறக்குறைய 5 லட்சம் சந்தாதாரர்கள் படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. ஒருவர் மதிப்பெண் கொடுத்த எட்டுப் படங்கள் தெரிந்தால், அவற்றில் இரண்டு முழுத் தவறாக இருந்தாலும், தேதி இரண்டு வாரம் முன்பின் ஆனாலும், 99 சதவீதப் பதிவுகளைத் தனியே பிரித்துவிடலாம் என்று அவரும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008இல் காட்டினார்கள். நாராயணன் பங்கேற்ற 2012 ஆய்வு ஒன்று எழுத்து நடையை மட்டும் வைத்து, ஒரு லட்சம் பேரில் எழுதியவர் இன்னார் என்று ஐந்தில் ஒரு தரத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. கணினிக்கு ஒரு லட்சம் பேர். ஒரு பாட்டு வாத்தியாருக்கு, வீட்டுக்கு வந்துபோன முப்பது பேர். “ஆத்துல” என்று எழுதுகிறவள் யார், “வீட்ல” என்று எழுதுகிறவள் யார் என்பது அவருக்குத் தெரியாதா?

ஆக, யாரிடமிருந்து ஒளிய நினைத்தாளோ அவருக்கே தெரிந்துவிடுகிறது. அப்படியானால் இந்த முறை ஏன் வேலை செய்தது? தெரிந்தாலும் அவரால் வெளியே சொல்ல முடியாது என்பதால். “இதை எழுதியது இன்ன பெண்” என்று சொன்னால், அந்தச் சனிக்கிழமை நடந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ரகசியம் அவளைக் காப்பாற்றவில்லை. அவருடைய குற்றமே அவர் வாயைக் கட்டியது. என்றாலும் அரைப் பாதுகாப்புதான் இது. சபாச் செயலாளரின் காதில், “அந்தப் பொண்ணைப் போடாதீங்க, தகராறு” என்று ஒரு வார்த்தை போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இதே தர்க்கத்தை மறுபக்கம் திருப்பினால் எனக்குச் சங்கடமாகிறது. குற்றம் செய்தவருக்கு எழுதியவர் யாரென்று தெரியும். செய்யாதவருக்குத் தெரியவே தெரியாது. எந்த வருடம், எந்த வகுப்பு என்று எதுவுமில்லாத குற்றச்சாட்டுக்கு நிரபராதி எதை வைத்துப் பதில் சொல்வார்? பெயர் மறைப்பு முழுப் பலத்தோடு இயங்குவது தப்பே செய்யாதவருக்கு எதிராகத்தான். “பொய் சொல்ல யாருக்கு என்ன அவசியம்” என்று இதைத் தள்ளுபவர்கள், சபா உலகத்தின் போட்டியையும் பொறாமையையும் பார்க்காதவர்கள். தனித்தனியாக, ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே ஆளைப் பற்றி ஒரே மாதிரி சொல்வது மட்டுமே இங்கே சாட்சிக்கு அருகில் வருகிறது. ஒற்றைப் பதிவை நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2021 மே மாதம் கே.கே. நகர் பத்மா சேஷாத்ரி பால பவன் பள்ளி விவகாரம் வேறு பாதையில் போனது. முன்னாள் மாணவிகளின் பெயரில்லாத செய்திகள் இன்ஸ்டாகிராமில் தொடர்ச்சியாக வெளிவந்தன. அந்த மாதம் 24ஆம் தேதி ஆசிரியர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். அங்கே பள்ளி என்ற நிறுவனம் இருந்தது, பதில் சொல்ல ஆள் இருந்தார்கள், போலீஸ் கையில் சட்டம் இருந்தது. பாட்டு வாத்தியார் வீட்டில் ஹாலும் ஊஞ்சலும்தான்.

கலாக்ஷேத்ரா நடனப் பள்ளி விவகாரம் இன்னும் சிக்கலானது. முன்னாள் இயக்குநர் லீலா சாம்சன் 2022 டிசம்பரில் ஃபேஸ்புக்கில் பெயர் குறிப்பிடாமல் எழுதிய பாலியல் தொல்லைப் புகார் பற்றிக்கொண்டது. சம்பந்தப்பட்டதாகப் பேசப்பட்ட மாணவி மறுத்ததும், தேசிய மகளிர் ஆணையம் விசாரணையை முடித்துக்கொண்டது. ஒரு பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிய வதந்தி, அவள் ‘இல்லை’ என்ற நொடியில் சரிந்தது. 2023 மார்ச் இறுதியில் திருவான்மியூர் வளாகத்தில் மாணவிகள் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். மாநில மகளிர் ஆணையத்தின் தலைவர் வந்தபோது ஏறக்குறைய 90 பேர் எழுத்தில் புகார் கொடுத்தார்கள். முன்னாள் மாணவி ஒருவர் போலீசில் கொடுத்த புகாரில் ஏப்ரல் 3 அன்று ஆசிரியர் ஒருவர் கைதானார். மறைவில் தொடங்கியதைக் கையெழுத்துத்தான் நகர்த்தியது.

அரசிடமிருந்து மறைவு என்பது அநேகமாக இல்லை. சிம் கார்டு வாங்கும்போதே ஆதாரைக் கொடுத்தாயிற்று. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அதிகாரபூர்வ எழுத்தாணை வந்தால் நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கணக்கை மூடிய பிறகும் 180 நாள் பதிவு விவரங்களை வைத்திருக்க வேண்டும். ஃபேக் ஐ.டி.யில் ஏசுகிறவர்களைப் பிடிக்க இது உதவும் என்பது உண்மை. 2018இல் சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குகளும் அந்தத் தொல்லையிலிருந்து பிறந்தவைதான். ஆதார் கோரிக்கை எடுபடவில்லை. வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று வழக்கு திரும்பியது. முதலில் அனுப்பியவரின் எண்ணைச் செய்தியோடேயே ஒட்டி அனுப்பலாம் என்று 2019இல் ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். நல்ல நோக்கம்தான். ஆனால் ஏசுகிறவன் அடுத்த சிம்முக்கு மாறிவிடுவான். அந்த எண்ணால் மாட்டிக்கொள்வது தோழியிடம் நடந்ததைச் சொல்லி அழுத பெண். வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டன.

போலீசைவிட அருகிலிருக்கிற ஓட்டையை யாரும் பார்ப்பதில்லை. ஃபேஸ்புக் குழுக்களில் ‘அனானிமஸ்’ என்று பதிவிட்டால் உறுப்பினர்களுக்குப் பெயர் தெரியாது, அட்மினுக்குத் தெரியும். அடையாறு அபார்ட்மென்ட் பெற்றோர் குழுவில் அட்மின் மூன்றாவது மாடி மாமாவாக இருக்கலாம், அவர் சம்சாரம் அதே பள்ளியில் டீச்சராக இருக்கலாம். 2018இலும் எல்லாப் பெயரும் சின்மயியின் இன்பாக்ஸில்தான் இருந்தன. நல்லவேளையாக அந்த இன்பாக்ஸ்காரர் வாயைத் திறக்கவில்லை. விலை கொடுத்தது அவர்தான்: நவம்பரில் சந்தா பாக்கி என்று சொல்லி டப்பிங் கலைஞர் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்தது.

“முறைப்படி புகார் கொடுக்க வேண்டியதுதானே” என்கிறார்கள். 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி புகார் எழுத்தில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வர வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம். பதினாலு வயதில் நடந்ததை முப்பதில் சொல்ல வருகிறவளுக்கு இதில் இடமில்லை. புகார்தாரரின் பெயரை வெளியிடச் சட்டம் தடை போடுகிறது. அதே சட்டத்தின் விதிகள் புகாரின் நகலை ஏழு வேலை நாளுக்குள் எதிராளிக்கு அனுப்பச் சொல்கின்றன. நியாயத்துக்கு அது அவசியம். ஊருக்குத் தெரியக்கூடாது, அவருக்குத் தெரியலாம் என்பது சட்டத்தின் ஏற்பாடு. அவள் பயப்படுவது ஊருக்கா, அவருக்கா?

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்கென்று மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு அமைக்கவும் அந்தச் சட்டம் சொல்கிறது. வீட்டு ஹாலில் நடக்கும் பாட்டு வகுப்பு அந்த வரையறைக்குள் வருமா என்பதே விவாதத்துக்குரியது. வரும் என்றே வைத்துக்கொள்வோம்: அந்தக் குழு எங்கே கூடுகிறது, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சபாவின் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது?