கைமாறி வரும் இன்னோவா

பாட்டி முதல் பேரக்குழந்தை வரை அடங்கிய ஒரு பெரிய குடும்பம், குலதெய்வக் கோவிலுக்கோ வெளியூர்த் திருமணத்திற்கோ மூட்டை முடிச்சுகளோடு ஒரே வண்டியில் புறப்பட விரும்பும்போது, புதிய வண்டியின் விலை கைக்கெட்டாத குடும்பத் தலைவரின் மனம் முதலில் நாடுவது பழைய டொயோட்டா இன்னோவாவையே. குவாலிஸுக்குப் பதிலாக 2005-இல் இந்தியச் சாலைகளுக்கு வந்து, பெங்களூருக்கு அருகேயுள்ள பிடதி ஆலையில் தயாராகி, 2016-இல் கிரிஸ்டாவுக்கு இடம்விட்டு விலகிய அந்த முதல் தலைமுறை வண்டியின் கீர்த்தி இன்றும் குன்றவில்லை. அது நியாயமாகவே சம்பாதித்த கீர்த்திதான். ஆயினும் அக்கீர்த்தி இன்னோவா என்னும் இனத்திற்குரியது; விற்பனைக்கென நம்முன் நிற்கும் அந்த ஒரு வண்டி தன் யோக்கியதையைத் தானே நிரூபித்தாக வேண்டும் என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்பும் கருத்து.

முதலில் அதன் குணங்களைக் கூறுவோம். 2012-ஆம் ஆண்டில் பதிவான ஏழு இருக்கை டீசல் வண்டி ஒன்றை, இருக்கை ஒன்றும் காலியில்லாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். 2,494 சி.சி. கொள்ளளவுள்ள அதன் யந்திரம் அளிக்கும் 102 குதிரைத்திறன் இன்றைய கணக்கில் பெரிதன்று. ஆனால் 200 நியூட்டன் மீட்டர் இழுவிசை, நிமிஷத்திற்கு 1,400 சுற்று என்னும் தாழ்ந்த வேகத்திலேயே கைக்குக் கிடைத்துவிடுவதால், கொண்டை ஊசி வளைவைத் திரும்பியதும் வண்டி திணறாமல் நிதானமாக மேலேறுகிறது. நடு வரிசையில் தனித்தனி ஆசனங்கள்; கால் நீட்ட விசாலமான இடம்; அகன்று திறக்கும் கதவு; முழங்கால் வலியுள்ள முதியவர்களும் பிறர் கைத்தாங்கலின்றி ஏறி இறங்கக்கூடிய உயரம். கூரையிலிருந்து குளிர்காற்று கடைசி வரிசை வரையில் எட்டுகிறது என்பது, சித்திரை மாதப் பிரயாணம் செய்வோர் அனைவரும் வாழ்த்தும் வசதி.

குறைகளையும் மறைக்கலாகாது. நகரத்து நெரிசலில் கிளட்ச் இடது காலைச் சோர்வடையச் செய்கிறது. சட்டத்தின்மேல் உடல் அமைந்த கனமான வண்டியாதலால், வேகமான வளைவுகளில் பக்கவாட்டில் சாய்கிறது. யந்திரத்தின் சப்தம் உள்ளே கேட்கிறது. மூன்றாம் வரிசையில் ஆட்கள் அமர்ந்துவிட்டால் பின்புறம் சாமான் வைக்க இடம் சொற்பமே. லிட்டருக்கு 11 முதல் 13 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். எல்லாவற்றினும் முக்கியமாக, ஆரம்ப ஆண்டுகளின் கீழ்நிலை ரகங்களில் காற்றுப்பைகள் இல்லை. குழந்தைகளோடு பிரயாணம் செய்யும் குடும்பத்தினர், சற்று அதிக விலையானாலும், காற்றுப்பையும் ஏ.பி.எஸ். தடுப்பும் உள்ள ரகத்தையே தேடவேண்டும்.

இனிப் பரிசோதனை. வண்டியைக் காலையில், யந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்கும் வேளையில் சென்று பார்ப்பது அவசியம். நாம் வருமுன்பே விற்பவர் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மற்றொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவதே விவேகம். குளிர்ந்த நிலையில் சாவி திருப்பியதும் யந்திரம் உயிர்பெற வேண்டும். வெண்புகை நெடுநேரம் நீடித்தாலும், ஓய்வுச் சுழற்சி ஏறியிறங்கித் தடுமாறினாலும், இன்ஜெக்டர்களிலோ டீசல் பம்பின் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்விலோ கோளாறு இருக்கக்கூடும். அவை செலவு மிகுந்த பாகங்கள். ஓடோமீட்டர் காட்டும் எண்ணைக் காட்டிலும், தேய்ந்து பளபளக்கும் ஸ்டீயரிங்கும், வழவழத்த பெடல் ரப்பரும், அமுங்கிப்போன ஓட்டுநர் ஆசனமும் மெய் பேசும். வண்டி சென்னையைச் சேர்ந்ததாயின், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நேர்ந்த பெருவெள்ளங்களை நினைவில் கொண்டு, சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அதன் அடிப்பாகத்தில் சேற்றுக்கறை உண்டா என்றும், ஆசனத் தண்டவாளங்களில் துரு ஏறியுள்ளதா என்றும் பார்க்கவேண்டும். பிறகு லிப்டில் ஏற்றி, அடிச்சட்டத்தில் வெல்டிங் செய்த தழும்பு உண்டா என்று நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதிப்பது உத்தமம். இறுதியாக, குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். காலி வண்டியில் மறைந்திருக்கும் சஸ்பென்ஷன் தோஷங்கள் பாரம் ஏறியவுடன் வெளிப்பட்டுவிடும்.

காகிதங்களின் விஷயமும் இதற்குக் குறைந்ததன்று. வாடகைக்கு ஓடிய டி-போர்டு வண்டி பின்னர் சொந்த போர்டாக மாற்றப்பட்டதா, கடன் பதிவு நீக்கப்பட்டுவிட்டதா, அபராதச் செலான் பாக்கி உண்டா என்பவற்றை ஆர்.சி.யைக் கொண்டும் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் பதிவுகளைக் கொண்டும் ஊர்ஜிதம் செய்துகொள்ள வேண்டும். படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பம் பெற்று, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிப்பது வாங்குபவரின் கடமை. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளைத் தில்லி வட்டாரத்தில் தடைசெய்து பசுமைத் தீர்ப்பாயம் 2015-லும், உச்ச நீதிமன்றம் 2018-லும் பிறப்பித்த உத்தரவுகளின் பின், அங்கிருந்து மலிவாக வந்து சேரும் வண்டிகளும் உண்டு. தடையின்மைச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி யாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே அம்மலிவு மெய்யானதா என்று நிச்சயிக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளில் முடிவடைந்து, அதன்பின் எஃப்.சி. பெற்று ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படவேண்டியது என்பதும் விலை பேசும்போது கருதத்தக்கது.

வாங்கிய அன்றே பராமரிப்பு ஆரம்பமாகிறது. ஆதலால் கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், அதில் ஐந்தில் ஒரு பங்கையேனும் முதல் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கிவைப்பது நலம். அப்பணத்தில் முதல் உரிமை டைமிங் பெல்ட்டினுடையது: மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொண்டு, டென்ஷனரோடு சேர்த்துப் புதிதாக்கிவிட வேண்டும்; ஏனெனில் ஓடும்போது அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி யந்திரமே சேதமாகும். எஞ்சின் ஆயில், டீசல் பில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை அடுத்தபடியாகவும், டயர்களை அவற்றின் பக்கவாட்டில் பொறித்த தயாரிப்பு வாரமும் ஆண்டும் பார்த்த பிறகும் மாற்றுக. டீசல் பில்டரில் அலட்சியம் கூடாது. நீர் கலந்த டீசல் இன்ஜெக்டர்களுக்குப் பரம விரோதி. சீட் கவரும் அலாய் சக்கரமும் இவையெல்லாம் நிறைவேறிய பிறகே.

இன்னோவா எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையால் சிலர் ஆயில் மாற்றவும் மறந்து ஓட்டுகின்றனர். அதே நம்பிக்கையால் வேறு சிலர் சோதியாமல் வாங்குகின்றனர். ஆகவே, முதல் உரிமையாளரிடம் இருந்து, சர்வீஸ் ரசீதுகள் ஒழுங்காக உள்ள, காற்றுப்பை பொருந்திய ஒரு வண்டி கிடைக்குமாயின், சந்தை விலைக்குச் சற்று மேலே கொடுத்தும் அதை வாங்கலாமென்று தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன். ரசீது ஒன்றும் காட்ட இயலாத வண்டியை, அது எத்துணைப் பளபளப்போடு நின்றாலும், எத்துணை மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள்.