மருதத்துக்குள் ஒரு பாலை

எம்.ஏ. வகுப்பில் மருதத் திணை நடத்திய பேராசிரியர் நீர்வளம், நெல்வளம், விழா, விருந்து என்று அடுக்கிக்கொண்டே போனார். ஆற்றங்கரையில்தான் செல்வமும் நாகரிகமும் பிறக்கும் என்றார். நான் கீழத்தஞ்சைச் சேரியில் பிறந்தவன். எங்க அம்மா குறுவைக்கும் தாளடிக்கும் சேத்துல நின்னு நாத்து நட்டவங்க. கால் விரலிடுக்கெல்லாம் சேத்துப்புண். ராத்திரிக்குக் கஞ்சிதான். அப்ப நாங்க எந்தத் திணைன்னு கேக்கத் தோணுச்சு. அன்னைக்குக் கேக்கல. இப்போது கேட்கிறேன்.

நிலமே வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பதுதான் திணைக் கோட்பாட்டின் சாரம் என்று நம் விமர்சகர்கள் பலர் எழுதுகிறார்கள். பூகோளப் பாடமும் இதையே பொருளாதாரமாகச் சொல்கிறது. காவிரி வண்டல் கொண்டுவந்தது, அதனால் தஞ்சையில் நெல். சிவகாசியில் மழை குறைவு, அதனால் தீப்பெட்டியும் பட்டாசும். இதில் பொய் இல்லை. ஈரக் காத்துல தீக்குச்சி காயாது. ஆனால் இது பாதி உண்மை. முதுகுளத்தூரிலும் அதே வெயில்தான் காயுது. அங்கே ஏன் சிவகாசி உருவாகவில்லை? 1920களில் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவரவும், முதல் போடவும், சரக்கை விற்கவும் வணிகச் சாதி ஒன்றின் பணமும் உறவுவலையும் சிவகாசியில் இருந்தன. மானாவாரியில் பிழைக்க முடியாத குடும்பங்களின் மலிவான உழைப்பு இருந்தது. அதில் குழந்தைகளின் கைகளும் இருந்தன. வெயில் மட்டும் ஆலை கட்டிவிடாது.

தஞ்சைக்கு வருவோம். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும், அது இயற்கை. விளைந்த நெல் எந்த வீட்டுக்குப் போகும் என்பது இயற்கை அல்ல. 1934இல் மேட்டூர் அணை வந்தது. பாசனம் பெருகுச்சு, நட்டவங்க கைக்கு நிலம் வரல. பண்ணையாளின் குடிசை நின்ற மனைகூட மிராசுதாருடையதாக இருந்தது. குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம் 1971இல்தான் வந்தது. அதுவரை எதிர்த்துப் பேசுனா வேலை மட்டுமில்ல, கூரையும் போகும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அது பொட்டல் காட்டில் நடக்கவில்லை. தமிழகத்தின் நெற்களஞ்சியத்தில் நடந்தது. வளமான மண் அதைத் தடுக்கவில்லை. வளம் யாருக்கு என்பதே அங்கே சண்டை.

தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையும் உண்டு. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. நிலத்துக்குப் பறை இருக்கு. பறையடிச்சவனுக்கு நிலம் இல்லை. எனக்கு நடத்தப்பட்ட எந்தப் பாடமும் இந்த இடைவெளியைப் பேசவில்லை.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, பாலையைத் தனி நிலமாகச் சொல்லாமல், முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டு அடையும் வடிவமாகச் சொல்கிறது. இளங்கோ சொன்னது கோடையை. நான் அதைச் சேரிக்கு வைத்து வாசிக்கிறேன். பாலை தானாகப் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது. மருதத்தின் நட்டநடுவிலும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு பாலையை ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதை ஆக்கியது சூரியன் அல்ல.

திணையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மண்ணும் மழையும் முக்கியம்தான். அது சேத்துல நின்னவங்களுக்குத் தெரியாதா? ஆனா முதல், கரு, உரின்னு மூணைக் கேக்குறவங்க நாலாவதா ஒண்ணையும் கேக்கணும்: பட்டா யார் பேர்ல இருக்கு?