மரபணுவுக்குப் பட்டா உண்டா?

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் கிராமத்தில் பட்டியல் இன மக்கள் குடித்துவந்த நீர்த் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது 2022 டிசம்பர் மாதக் கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது. நாடறிந்த செய்தி இது. குற்றவாளியைக் கண்டறிய சி.பி.சி.ஐ.டி. போலீசார் டி.என்.ஏ. சோதனையை நாடினர். 2023 ஆம் ஆண்டில் நீதிமன்ற அனுமதியுடன் இரத்தம் எடுக்க முற்பட்டபோது, கிராமத்தார் எட்டுப் பேர் முதலில் மறுத்துவிட்டனர். பாதிக்கப்பட்டவர்களையே சந்தேகிப்பதா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. பிறகு நீதிமன்ற ஆணைப்படி சோதனைகள் தொடர்ந்தன. மொத்தம் 31 பேரின் மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் வேறு சான்றுகளின் பேரில் மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று.

அவ்வழக்கின் நியாய அநியாயம் நம் பத்திரிகைக்கு உரிய பொருளன்று. விஞ்ஞானம் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பொருந்தவில்லை என்ற விடை கிடைத்ததும் ஒரு டி.என்.ஏ. சோதனையின் வேலை முடிந்துவிடுகிறது. அதன் பின் அந்த இரத்தமும், அதிலிருந்து எழுதப்பட்ட குறிப்பும் யாருடையவை? அவற்றை அழிக்கும்படி கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டா?

இவ்வினாவுக்கு இன்றைய சட்டங்கள் தரும் விடை போதுமானதன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அதற்குக் காரணம் காட்டுமுன், டி.என்.ஏ. சோதனை எதைப் படிக்கிறது, எதைப் படிப்பதில்லை என்பதைச் சற்றுக் காண்போம்.

மனித உயிரணுவில் தாய் வழி வரும் ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. தந்தை வழித் தொகுதியிலும் அவ்வளவே. தொடர்பில்லாத இருவரை ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வேறுபடும். குற்றத் துறைச் சோதனைக் கூடம் இந்தப் பெரும் புத்தகத்தைப் படிப்பதில்லை. சில சிறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும் இருபது சொச்சம் இடங்களில், அவை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து ஓர் எண் வரிசையை எழுதிக்கொள்கிறது. ஆளை அடையாளம் காட்ட அது போதும். அவருக்கு என்ன நோய் வரும் என்பதை அந்த எண் வரிசை பெரும்பாலும் சொல்லாது. ஆனால் குளிர்பெட்டியில் இருக்கும் மீதி இரத்தத்தில் புத்தகம் முழுவதும் இருக்கிறது! இன்று படிக்காததை நாளை எவரும் படிக்கலாம். எண் வரிசை வேறு, குழாயிலுள்ள இரத்தம் வேறு என்ற இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

புதுக்கோட்டை 1974 இல் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் அதன் பெரும்பகுதி திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற முதல் டி.என்.ஏ. வழக்குகளில் ஒன்றும் இதே வட்டாரத்தில் எழுந்ததுதான். விராலிமலைக்கு அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா 1994 இல் கைதானார். ஆசிரமத்துப் பெண் ஒருவரின் கலைக்கப்பட்ட கருவுக்குத் தந்தை யார் என்ற கேள்விக்கு ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் விடை கூறியது. அங்கே லால்ஜி சிங் உருவாக்கியிருந்த முறைக்கு ஆதாரமான டி.என்.ஏ. துண்டு, மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட ஒரு கட்டுவிரியன் இனப் பாம்பிலிருந்து முதலில் கண்டெடுக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. எதிர்த்தரப்பு பிரிட்டனிலிருந்து ஒரு நிபுணரை அழைத்துவந்தும் பயனில்லை. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005 இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாய் திறக்க அஞ்சிய பெண்களின் சார்பில் ஒரு மூலக்கூறு சாட்சி சொல்லியது என்றால் மிகையாகாது. ஆகவே டி.என்.ஏ. சோதனையே வேண்டாம் என்பது நம் வாதமன்று. குற்றம் செய்தவனைக் காட்டும் கருவி, குற்றம் செய்யாதவரின் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் சட்டம் வேண்டும்.

இருக்கும் சட்டத்தைப் பார்ப்போம். 1920 ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக 2022 இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது. விரல் ரேகையுடன் உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும் இதில் அடங்கும். பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, விடுதலையானாலோ பதிவுகளை அழிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாகவும் சொல்லலாம். நல்ல விதிதான். ஆனால் விசாரணைக்கு உதவியாக மாஜிஸ்டிரேட் ஆணையின்படி இரத்தம் கொடுத்து, குற்றஞ்சாட்டப்படாமலே வீடு திரும்பியவர் நிலை என்ன? அவர் மீது வழக்கே இல்லை. ஆகவே அவர் ‘விடுதலை’ ஆகவும் முடியாது! குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கியவருக்கு உள்ள பாதுகாப்பு, கூண்டுப் பக்கமே போகாதவருக்குத் தெளிவாக எழுதப்படவில்லை. 2019 ஆம் ஆண்டு டி.என்.ஏ. மசோதாவில், சந்தேக நபர் அல்லாதவர் எழுத்து மூலம் கேட்டால் அவருடைய குறிப்பை நீக்க வேண்டும் என்று இருந்தது. பல குறைகளுக்காக விமர்சிக்கப்பட்ட அம்மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதோடு இந்த நல்ல விதியும் போயிற்று.

போலீசை விடுங்கள், மருத்துவமனை, ஆராய்ச்சிக் கூடம், தனியார் கம்பெனி ஆகியவற்றின் கையிலுள்ள தகவலுக்கு 2023 ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அதைத்தான் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீரங்கம் கோயிலை எண்ணிப் பாருங்கள். ஏழு பிராகாரங்கள். ராஜகோபுரத்தைக் கடந்தும் வீடும் கடையுமாக வீதிகள், ஆட்டோவிலேயே போகலாம். ரங்கா ரங்கா கோபுரத்தருகே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். உள்ளே போகப் போக நுழைவோர் தொகை குறையும். கர்ப்பக்கிரகத்தில் அர்ச்சகரே நுழைவார். மனிதனைப் பற்றிய தகவல்களுக்கும் இத்தகைய பிராகாரங்கள் உண்டு. பெயர், தெரு, தொழில் ஆகியன வெளிச்சுற்று. வங்கிக் கணக்கு அதற்கு உள்ளே. நோய்கள் இன்னும் உள்ளே. மரபணு எல்லாவற்றுக்கும் உள்ளே.

நம் சட்டம் எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 ஆம் ஆண்டு விதிகள், மருத்துவக் குறிப்பையும் உடல் அடையாளங்களையும் நுண்ணுணர்வுத் தகவல் என்று தனியாகப் பிரித்தன. அடையாளங்களுக்கான விளக்கத்தில் டி.என்.ஏ. என்ற சொல்லும் இருந்தது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அதன் பின் ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 இல் தந்த வரைவிலும், 2019 மசோதாவிலும் மரபணுத் தகவல் நுண்ணுணர்வு வகையில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. 2023 இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை! கர்ப்பக்கிரகம் முதல் கடைத்தெரு வரை ஒரே வீதியாக்கிவிட்டார்கள். புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது பழைய சட்டத்தின் 43ஏ பிரிவும் நீங்கும். கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தரச் சொன்ன பிரிவு அது. புதிய சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது அரசுக்குச் சேரும், பாதிக்கப்பட்டவருக்கு அன்று. மேலும் இது டிஜிட்டல் தரவுக்கான சட்டம். குழாயிலுள்ள இரத்தம் டிஜிட்டல் அன்றே!

சரி, மரபணுவை அவரவர் சொத்து என்று அறிவித்துவிட்டால் தொல்லை தீராதா? பலரும் இப்படிக் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு நெறிமுறைகளே, மாதிரிகளுக்கும் தகவலுக்கும் உரிமையாளர் அவற்றைக் கொடுத்தவர், நிறுவனம் வெறும் காப்பாளர் என்கின்றன. போற்றத்தக்க வாசகம், ஆயினும் அது ஆராய்ச்சிக்கான நெறிமுறை, பாராளுமன்றச் சட்டமன்று. அமெரிக்காவில் நோயாளி ஒருவரின் மண்ணீரல் உயிரணுக்களிலிருந்து மருத்துவர்கள் காப்புரிமை பெற்றபோது, அந்த உயிரணுக்கள் அவர் சொத்தல்ல, ஆனால் மருத்துவர் தம் நோக்கத்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990 இல் கூறியது.

சொத்து என்ற கருத்தில் எனக்கு வேறொரு தயக்கம் உண்டு. சொத்து என்றால் விற்கலாம், ஏலம் விடலாம். ‘23அண்ட்மீ’ என்ற அமெரிக்கக் கம்பெனி சுமார் ஒன்றரைக் கோடிப் பேரின் எச்சிலைப் பெற்று வம்சாவளி சொல்லியது. 2023 இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல் திருட்டுப்போனது. 2025 மார்ச்சில் கம்பெனி திவாலாயிற்று. கடன்காரர் முன்னே விற்பனைக்கு வந்த சரக்கில் அத்தனை பேரின் மரபணுத் தகவலும் ஒன்று. கடைசியில் அதைத் தொடங்கியவரின் அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

மேலும், மரபணு ஒருவர் பெயரில் பட்டா போடக்கூடிய மனையன்று. நம் ஊர் வழக்கில் சொன்னால் பாகம் பிரியாத குடும்பச் சொத்து. எடுத்துக்காட்டாக, இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மாறுதலை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துத் தண்டபாணி, ஹைதராபாத் தங்கராஜ் முதலானோர் 2009 இல் வெளியிட்டனர். ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும். இந்தியரில் நூற்றுக்கு நால்வரிடம் இது உண்டு. உறையூரில் இருக்கும் தம்பி சோதித்து, தமக்கு அது உண்டென்று அறிகிறார் என வையுங்கள். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அண்ணனுக்கு அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பது அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. அண்ணன் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. தாய்மாமனை மணக்கும் வழக்கமுள்ள குடும்பமாயின் பங்காளிகள் இன்னும் நெருக்கம். 2023 சட்டமோ தகவலுக்கு உரியவர் ஒரே ஒருவர் என்று மட்டுமே கற்பனை செய்கிறது.

அண்ணன் இன்ஷூரன்சு எடுக்கப் போனால்? மரபணு நோய் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கும் இதயத் தசை நோய் பற்றியதே. அமெரிக்காவில் இதற்கென 2008 இல் ஒரு சட்டமே இயற்றினர். மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும் அது பொருந்தும், ஆயுள் காப்பீட்டுக்குப் பொருந்தாது. நம்மிடம் அந்த அரைச் சட்டமும் இல்லை.

பத்தாயிரம் இந்தியரின் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டு, 2025 ஜனவரி முதல் பரீதாபாத் தரவு மையத்திலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைக்கிறது. நம் நோய்களை அறிய இது பெருந்துணை. இதுபோன்ற வேலைகள் பெருகத்தான் வேண்டும். பெருகும் வேகத்துக்குச் சட்டம் ஈடு கொடுக்கவில்லை. 2023 சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களுக்குக் கடமை விதிக்கும் பெரும்பகுதிக்கு மேலும் 18 மாதத் தவணை தந்துள்ளனர். ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. தகவலின் அளவையும் நுண்ணுணர்வையும் கருதிச் சில நிறுவனங்களுக்குக் கூடுதல் கடமை விதிக்கலாம் என்று சட்டத்தின் 10 ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மரபணுச் சோதனைக் கூடங்கள் அனைத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க ஓர் அறிவிக்கை போதும். புதுச் சட்டம் வேண்டியதில்லை. குழாயிலுள்ள இரத்தத்தை எப்போது அழிப்பது என்பதற்கு மட்டும் பாராளுமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.