‘சக்தி’ இசைத் தட்டு

1975-ல் அமெரிக்கக் கச்சேரியொன்றில் பதிவான ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ இசைத் தட்டைத் தாம்பரத்தில் நண்பர் வீட்டில் கேட்டோம். முதல் உருப்படி முடிந்ததுமே சண்டை. கமகம் போதாது என்றார் சபா தவறாத பெரியவர். இது ஜாஸே அல்ல என்றார் ஓர் இளைஞர். இரண்டும் உண்மைதான், இரண்டும் குற்றமாகாது. ஜாதி விசாரித்த பிறகுதான் நாம் சங்கீதம் கேட்கிறோம்.

என் குறை வேறு. 18 நிமிஷம், கிதாரும் எல். சங்கரின் வயலினும் ஸ்டேஷனில் நிற்காத மின்சார ரயில் மாதிரி ஓடுகின்றன. விக்கு விநாயக்ராமின் கடம் இல்லாவிட்டால் தரையே மறந்துபோகும்.

அடுத்த ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிஷம்கூட இல்லை. அதில் மெக்லாஃப்லினுக்கு அவசரமில்லை. ஸ்வரம் அடங்க இடம் விடுகிறார். யாரும் பேசவில்லை.

"அதை இன்னொரு தரம் வையுங்கோ" என்றார் பெரியவர்.