பொருள்களும் உறவுகளும்: கொக்கல நாட்டார் நூதனசாலை பற்றி ஒரு நோக்கு

நாட்டார் வாழ்வியல் நூதனசாலைகள் அவ்வாழ்வு செழித்திருந்த காலத்தில் தோன்றியவையல்ல. அது குலையத் தொடங்கிய காலத்தில் தோன்றியவை. ஆர்தர் ஹசேலியஸ் 1891 இல் ஸ்டொக்ஹோமில் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி நூதனசாலையை நிறுவியபோது, சுவீடனின் கிராமங்கள் கைத்தொழில் வளர்ச்சியினால் உருமாறிக்கொண்டிருந்தன. அழிவதைச் சேகரித்து வைக்கும் நோக்கம் போற்றத்தக்கதே. ஆயின், சேகரிப்பினுள் அகப்பட்டது எது, அகப்படாது போனது எது என்னும் வினாவும் உடனெழுதல் வேண்டும். காலிக்கும் மாத்தறைக்கும் இடையே கொக்கலவில் அமைந்துள்ள நாட்டார் நூதனசாலையை இவ்வினாவோடு அணுகுதல் பயனுடைத்து.

சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க (1890–1976) பிறந்த வீட்டின் வளவிலேயே 1981 இல் இந்நூதனசாலை திறக்கப்பட்டது. அவர் ஆர்வத்துடன் திரட்டிய பொருள்களே தொகுப்பின் அடிப்படை. கலப்பையும் மட்பாண்டமும், மாட்டு வண்டியும் மீன்பிடிக் கருவியும், பொம்மலாட்டப் பாவையும் முகமூடியும் இங்கு இடம்பெறுகின்றன. 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையிற் கண்டியரசரின் சிம்மாசனத்தையும் முடியையும் கண்டு வியந்தவருக்கு, உழுபவனின் கருவியும் வரலாற்றுச் சான்றே என்பதை இத்தொகுப்பு உணர்த்துகின்றது. இதன் சிறப்பு இதுவே. குறைபாடும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது.

கலப்பையை நோக்குவோம். அதன் உறுப்புகளையும் அமைப்பையும் கண்ணாற் காணலாம். அதைப் பிடித்து உழுதவன் பலவிடங்களில் நிலத்துக்கு உரியவனல்லன். ‘அந்தே’ முறைப்படி விளைச்சலிற் பாதியை நிலவுடைமையாளனுக்கு அளந்தவன். அக்குத்தகை முறையை ஒழுங்குபடுத்துவதற்கு 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வேண்டியிருந்தது. முகமூடியும் இத்தகையதே. சன்னிச் சடங்கில் ஒவ்வொரு முகமும் ஒரு நோயைக் குறிக்கும். நோயாளியின் முன்னிலையில், இரவில், முழவொலியோடு அது உயிர்பெறும். அச்சடங்கை நிகழ்த்திய ‘பெறவா’ சாதியினர், நோய் நீக்கும் வல்லமையுடையோராக நாடப்பட்டனர். சமூகப் படிநிலையிலோ தாழ்த்தப்பட்டனர். சுவரில் மாட்டப்பட்ட முகமூடி அழகுப்பொருளாகி விடுகின்றது. அச்சமும் நம்பிக்கையும் இழிவும் ஒருங்கே கலந்த அவ்வுறவு கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. விக்கிரமசிங்க தமது எழுத்தில் உறவுகளையே பொருளாகக் கொண்டவர். 1944 இல் வெளிவந்த ‘கம்பெரலிய’ ஒரு கிராமத்தின் பிறழ்வைக் கூறும் நாவல். குலப்பெருமை மிக்க குடும்பமொன்று நந்தாவைப் பியலுக்கு மணமுடித்துக் கொடுக்க மறுக்கின்றது. பின்னர் வணிகத்தாற் செல்வனான அவனையே ஏற்க நேர்கின்றது. பிறப்பின் இடத்தைப் பணம் பற்றிக்கொள்ளும் வரலாற்று மாற்றம் அந்நாவலில் ஒரு பெண்ணின் வாழ்வாகவே விரிகின்றது. எம். எம். உவைஸின் ‘கிராமப் பிறழ்வு’ என்ற மொழிபெயர்ப்பு வழியே தமிழ் வாசகரும் இதனை அறிவர். நாவல் கிராமத்தை இயக்கத்தில் வைத்துக் காட்டுகின்றது. காட்சிப் பேழையோ அதே கிராமத்தை ஒரு கணத்தில் நிறுத்திவிடுகின்றது. நாவலைப் படியாது நூதனசாலையை மட்டும் காண்பவர், மாற்றமற்ற, முரணற்ற ஒரு பொற்காலக் கிராமம் இருந்ததென எண்ணிவிடக்கூடும்.

நூதனசாலை நிற்கும் நிலமே இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படைத் தளத்துக்காகக் கொக்கல மக்கள் தம் வீடுவாசல்களை விட்டு அகற்றப்பட்டனர். 1942 ஏப்பிரல் 4 ஆம் திகதி ஜப்பானியக் கடற்படையின் வருகையைக் கண்டறிந்த விமானம் புறப்பட்டது இக்கொக்கல வாவியிலிருந்துதான். போர் வரலாறு அவ்விமானியை நினைவுகூர்கின்றது, வெளியேறிய குடும்பங்களையன்று. 1991 இல் அதே கொக்கலவில் ஏற்றுமதி உற்பத்தி வலயம் அமைந்தது. ஆடைத் தொழிற்சாலையிற் பணிபுரியும் பெண்ணின் தையற்பொறியும் இந்நிலத்து மக்கள் வாழ்வின் கருவியே. கலப்பையோடு நாட்டார் வாழ்வு முடிந்துவிட்டதென்று கொள்வதற்கு நியாயமில்லை.

நாம் இதனைத் தொலைவிலுள்ள குறையெனக் கருதி அமைதல் தகாது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர்; அவர்தம் ஊர்கள் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிக்கிடந்தன. அத்தகைய ஊர்களின் துலாவையும் உரலையும் கடகத்தையும் திரட்டிப் பேணுவது நம் கடன். அத்துலாவால் இறைத்த நீர் யார் தோட்டத்துக்குப் பாய்ந்தது, அக்கிணற்றில் அள்ள உரிமையற்றிருந்தவர் யாவர், அவ்வூர் எப்பொழுது, எவ்வாறு வெறிச்சோடியது என்பனவற்றையும் அப்பொருளின் அருகே எழுதிவைக்கும் துணிவு நமக்கு வேண்டும். அவ்வாறு எழுதத் தயங்குவோமாயின், நம் பெருமையைப் பேணியவராவோமேயன்றி, நம் மக்களின் வாழ்வைப் பேணியவராகோம்.