வழிகாட்டும் கைப்பேசி

"டவர் போய்விட்டது, இனி வழி தெரியாது" என்று காரை ஓரங்கட்டுவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். இது வீண் அச்சம். நாம் இருக்குமிடத்தைக் கணிப்பது இணையமன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் நான்கின் ரேடியோ அலைகள் வந்து சேரும் நேரங்களைக் கொண்டு கைப்பேசியே கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோ விநாடி பிழைத்தாலும் தூரம் 300 மீட்டர் தவறிவிடும்! பௌதிகத்தின் இச்சாதனையைக் குறைகூற மனம் வரவில்லை. வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியும் வழிகாட்டும்.

குறையெல்லாம் இணையம் தரும் செய்தியில்தான். நெரிசலைச் செயற்கைக்கோள் பார்ப்பதில்லை. சாலையிலுள்ள கைப்பேசிகள் நகரும் வேகத்திலிருந்து அது ஊகிக்கப்படுகிறது. சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 கைப்பேசிகளைக் கைவண்டியில் இட்டு பெர்லின் தெருவில் இழுத்துச் சென்றார். வெறிச்சோடிய தெரு கூகுள் வரைபடத்தில் சிவப்பாயிற்று. 2020-இல் அவர் வெளியிட்ட படம் இது.

நம் சங்கரன்கோவிலுக்கு வருவோம். ஆடித்தபசன்று ரத வீதியை அடைத்திருப்பதை யாரேனும் தெரிவித்தாலொழிய கருவி அறியாது. "வலப்புறம் திரும்புக" என்று நிதானமாகச் சொல்லும். திரும்பினீர்களானால், கூட்டத்துக்கிடையே வண்டியைப் பின்னெடுக்கவும் இடமிராது. அன்று ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, டீக்கடையில் விசாரியுங்கள்.